மாடு படுத்தால் பெட்டியும் தூங்கும்

எங்கள் செவலைப் பசுவின் கழுத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டியிருந்தோம். இரண்டு தீப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அதன் பருமன். உள்ளே ஒரு சிம் இருந்தது. மாடு எங்கே நிற்கிறது என்பதை வானத்தில் சுற்றும் செய்மதிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு டவர் வழியாக மகளின் போனுக்கும் மருமகனின் போனுக்கும் சொல்லிவிடும். மருமகன் கொழும்பில், வேன்களுக்கும் லொறிகளுக்கும் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பூட்டிக் கொடுக்கும் ஓர் இடத்தில் வேலை செய்கிறார். அவர்தான் அதைக் கொண்டுவந்தார்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்களில் நிம்மதி இல்லை. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களின் சினை மாட்டை மேய்ச்சலில் வைத்தே வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தலையும் தோலும் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவலை என்னுடைய மாடு. வீட்டுக்காரருடையதும் இல்லை, மகளுடையதும் இல்லை. நான் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து நின்ற பிறகு, கன்றாகப் பிடித்து வந்து என் கையால் வளர்த்தது. அதன் பாலில்தான் என் வெற்றிலை, என் சேலை, கோயில் திருவிழாவுக்கு நான் கொடுக்கும் பங்கு எல்லாமே. மகள் சாப்பாடு போடுவாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிறர் கையை எதிர்பார்த்து உண்ணும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. எனக்குப் படிப்பு இல்லை என்பதும் உண்மைதான். பேப்பரில் பெரிய எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன். என் பெயரை எழுதுவேன். கைநாட்டு வைத்தவள் இல்லை நான்.

பெட்டி கட்டிய செய்தி லயம் முழுக்கப் போய்விட்டது. பின்னேரம் ஆனால் ஒவ்வொருவராகப் பட்டிக்கு வந்து மாட்டின் கழுத்தை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் வாய் சும்மா இருக்காது.

“ஏக்கா, ஒங்க மாட்டுக்குப் போன் வாங்கிக் குடுத்திருக்கீங்களாமே? எனக்கு இன்னும் பட்டன் போன்தான்.”

“அது பால் கறக்குது. நீ என்னத்தக் கறக்குற?” என்றேன்.

“வாயத்தான் கறக்குறேன்” என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

முதலில் மருமகன் அதை அடிக்கடி சொல்லும்படி வைத்திருந்தார். மாடு ஒரு பற்றையிலிருந்து அடுத்த பற்றைக்கு வாயைக் கொண்டுபோனாலும் மகளின் போன் கிணுங்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரம் போகுமுன் பேட்டரி செத்துவிடும். பெட்டியைக் கழற்றி வந்து காம்பராவில் சார்ஜ் போட வேண்டும். செவலை தன் கழுத்தில் கைவைக்க என்னைத் தவிர ஒருவரையும் விடாது. காற்று வீசினால் எங்கள் பக்கம் கரண்ட் போய்விடும். ஒருமுறை பெட்டி சார்ஜில் கிடக்கும்போது வீட்டுக்காரர் மகளின் போனைப் பார்த்துவிட்டு, “ஏய், ஒன் மாடு நம்ம அடுப்படியில நிக்குதாம். கஞ்சிய எடுத்து வை” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று முழுக்க மாடு பெட்டியில்லாமல்தானே நின்றது? கள்ளன் வருவதற்கு அந்த ஒரு நாள் போதாதா?

மருமகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“அத்த, பெட்டிக்குள்ள ரெண்டு வேல நடக்குது” என்றார். “ஒண்ணு, வானத்தப் பாத்துத் தான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிக்கிறது. இன்னொண்ணு, டவரோட பேசுறது. ரெண்டுமே பேட்டரியத் தின்னும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யவும் செய்யாது. வானத்தப் பாக்குறப்ப பேசாது, பேசுறப்ப வானத்தப் பாக்காது.”

“ஒங்க மாமா மாதிரின்னு சொல்லுங்க. பேப்பர் பாக்குறப்ப நான் சொல்றது எதுவுமே ஏறாது.”

“அதேதான் அத்த. இப்ப நீங்கதான் சொல்லணும். அடிக்கடி சொல்லணுமா, பேட்டரி ரொம்ப நாளைக்கு நிக்கணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“ரெண்டும் நடக்காது.”

“அப்ப என்னத்துக்கு இதச் செஞ்சாங்க?”

அவர் பொறுமையான மனிதர். சிரிக்காமல் விளக்கிச் சொன்னார். பெட்டியைத் தூங்க வைக்கலாமாம். மாடு நடந்தால் அந்த அசைவில் அது விழித்துக்கொள்ளும். வானத்தைப் பார்க்கும், டவரிடம் சொல்லும், மறுபடி தூங்கும். மாடு படுத்துவிட்டால் பெட்டியும் தூங்கிவிடும். அப்படித் தூங்கும்போது யார் கூப்பிட்டாலும் கேட்காது. காலையில் ஒருமுறை மட்டும் தானாக எழும்பி, இருக்கிறேன் என்று சொல்லும். அப்படி வைத்தால் பேட்டரி மாதக்கணக்கில் நிற்குமாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். கள்ளன் மாட்டைப் படுக்க வைத்தா கொண்டுபோவான்? நடத்தித்தான் கொண்டுபோவான், இல்லாவிட்டால் வேனில் ஏற்றுவான். இரண்டிலும் மாடு ஆடும், பெட்டி விழிக்கும். படுத்திருக்கும் மாட்டுக்குக் காவல் எதற்கு? “தூங்க வைங்க மாப்புள” என்றேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கள்ளனை மனதில் வைத்துப் பார்த்தால் அது சரியான பேச்சு.

அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. செவலை சினையாகி மாதம் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கு வேறு கவலை வந்துவிட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாம் பெட்டியைப் பார்த்து வாய் பிளக்கிறார்களே, மாட்டுக்குக் கண்ணூறு பட்டுவிடும் என்று. அவர் ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். இயந்திரம் என்றால் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவார். கோயில் பூசாரியிடம் சொல்லி ஒரு செப்புத் தகடு எழுதி வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். அம்மன் காலடியில் வைத்து எடுத்த தகடு. கண் படுவது பெட்டி மேல்தானே என்று, தகட்டைப் பெட்டியின் மேல்பக்கத்தில் மடித்து, கறுப்புக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினார். நான் மாட்டின் தாடையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கட்டினார். மாட்டுக்குத் தாயத்துக் கட்டியதை யார் கொழும்புக்குப் போன் போட்டுச் சொல்வார்கள்?

மாதம் முற்றியிருந்ததால் செவலையை நான் தூரத்துக்கு விடவில்லை. பட்டியும் பட்டிக்குப் பின்னால் இருந்த புல்லுமாகத்தான் கிடந்தது. போனிலும் புள்ளி பட்டியிலேயே நின்றது. எங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள். காலையில் கறக்காத மடி இறுகிப் பளபளவென்று நின்றது. வால் முளைக்குப் பக்கத்தில் சதை பள்ளம் விழுந்திருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ ஈன்றுவிடும் என்று தெரிந்தது. கையோடு கொஞ்சம் புல் அறுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கத்தியோடு கீழே இறங்கினேன். கட்டோடு திரும்பி வந்தபோது முளையில் பாதிக் கயிறுதான் கிடந்தது. மழையில் ஊறிப்போன கயிறு. செவலை இல்லை.

களவு போயிருக்குமோ என்ற நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஈனப்போகும் மாடு ஆள் இல்லாத இடத்தைத் தேடும். எங்கள் லயத்துக்குக் கீழே கைவிட்டுப் பல வருடமான தேயிலை மலைகள் இருக்கின்றன. தேயிலை மரமாக வளர்ந்து, மானாப்புல்லும் கொடியும் மூடி, உள்ளே போனால் ஆள் தெரியாது. காட்டுப் பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைக்கிற இடம். அதற்கும் கீழே ஓடை. என் மாடு அதற்குள் எங்கேயோ வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்றது. முதல் ஈற்றிலேயே கன்றின் தலை திரும்பி, நான் உள்ளே கை விட்டு எடுக்க வேண்டியிருந்தது. தனியாக ஈன அதற்கு முடியாது. அது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் அவ்வளவு தெரியாது.

வீட்டுக்காரருக்கு முழங்கால் மடங்காது. ரோட்டில் நின்று கூப்பிட்டார். நான் காட்டின் ஓரம் வரைக்கும் இறங்கி, கூப்பிட்டு, தவிட்டு வாளியைத் தட்டிப் பார்த்தேன். மூடுபனி என் குரலை எனக்கே திருப்பித் தரவில்லை. மேலே ஏறி, மகள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான்.

மகள் கொழுந்துப் பையை அப்படியே வைத்துவிட்டுப் போனைத் திறந்தாள். புள்ளி பட்டியில் இருந்தது.

“பட்டியிலதானே காட்டுது!” என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி, எட்டிப் பார்த்து. “ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியல்ல போலக்கா.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவளே முதலில் மழைக்குத் தலையில் போட்டிருந்த படங்கை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்கக்கா, தேடுவோம்” என்றாள்.

மருமகனுக்குப் போன் போட்டோம். மகள் சத்தத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“அத்த, புள்ளி பழசு. நாள் கணக்கா அது வானத்தப் பாக்கவே இல்ல” என்றார். “டவரோட மட்டும் பேசியிருக்கு. இருங்க, ஏன்னு பாக்குறேன்.” கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. “வானத்தத் தேடுது, கெடைக்கல்ல. பேட்டரி வீணாப் போகும்னு விட்டுட்டுத் தூங்குது. கெடைக்காம கெடைக்காம, தூங்குற நேரத்தையும் கூட்டிக்கிட்டே போகுது. பெட்டி மேல ஏதும் மூடியிருக்கா? தகரம் மாதிரி?”

வீட்டுக்காரர் அதற்குள் அங்கே நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். “தகரம் ஒண்ணுமில்ல மாப்புள. அம்மன் தகடுதான் கட்டியிருக்கேன்.”

“எதுல மாமா?”

“பெட்டி மேலதான்.”

“செம்பா?”

“செம்புதான். நல்ல கனமான தகடு.”

“அதுதான் மாமா வானத்த மறைக்குது” என்றார் மருமகன்.

“என்ன மாப்புள? சாமி தகடு எப்பிடி வானத்த மறைக்கும்? காக்கத்தானே கட்டினது?” என்றார் வீட்டுக்காரர். அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

“சாமி மறைக்காது மாமா. செம்பு மறைக்கும்” என்றார் மருமகன், மெதுவாக.

நான் போனைக் கையில் வாங்கினேன். “அதெல்லாம் பொறகு பேசுவோம். இப்ப மாடு எங்க?”

டவர் சொன்னதை வைத்து ஒரு வட்டம் போட்டு அனுப்பினார். அந்த வட்டத்துக்குள் எங்கள் லயம் இருந்தது, கோயில் இருந்தது, ஃபெக்டரி இருந்தது, ஓடைக்கு அப்பால் இருக்கும் சிங்கள ஊரும் அதன் விகாரையும் இருந்தன. என் மாடும் அதற்குள் எங்கேயோ இருந்ததாம். அது எனக்குப் பெட்டி இல்லாமலே தெரியும்.

“அத எழுப்புங்க மாப்புள.”

“கூப்பிட்டா கேக்காது அத்த. இனித் தூங்காதேன்னு செய்தி அனுப்பியிருக்கேன். ஆனா அது டவர்கிட்டத்தான் நிக்குது. பெட்டி முழிச்சுக் கதவத் தெறந்தாத்தான் உள்ள போகும்.”

“எப்பத் தெறக்கும்?”

“மாடு நடந்தா.”

“நடக்கலைன்னா?”

“காலையில.”

வேன் போனாலும் பிடித்துவிடலாம் என்று சொல்லிக் கட்டிய பெட்டி. நான் பிறந்து வளர்ந்து, கொழுந்து பறித்து, கால்தேய நடந்த மலையில் என் மாடு கிடந்தது. அது அசையாமல் கிடந்த காரணத்தாலேயே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாடு வலியில் படுத்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. படுத்திருப்பதால் பெட்டி தூங்கும் என்றும் தெரிந்தது. இரண்டும் தெரிந்து நான் என்ன செய்ய?

வேலை முடிந்த ஆண்கள் டோர்ச்சோடு இறங்கினார்கள். ஓடைக்கரை வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். மழை வலுத்தது. சரிவில் மண் இளகி ஒருவன் சறுக்கி விழுந்ததும், இனி ஆட்களை அனுப்பக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். மாட்டுக்காக ஒரு வீட்டுப் பிள்ளையைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அன்று இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

விடிந்து, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில் மகளின் போன் கிணுங்கியது. பெட்டி தானாக எழும்பியிருந்தது. அதே வட்டம். மருமகனின் செய்தி உள்ளே போய்விட்டதாம், இனித் தூங்காதாம். அதற்குப் பிறகு போன் கிணுங்கிக்கொண்டே இருந்தது. வட்டம் ஒருமுறை இந்தப் பக்கம் நகரும், ஒருமுறை அந்தப் பக்கம் நகரும். மகள் அதைப் பார்த்துக்கொண்டே காட்டுக்குள் நடந்து ஒரு கானில் விழப் பார்த்தாள். “அத உள்ள வைடி” என்று கத்தினேன்.

கடைசியில் கீழ் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போன பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். காகம் கூடிக் கத்தும் இடத்தைப் பார்த்து இறங்கியிருக்கிறார்கள். கைவிட்ட மலையில், இரண்டு பெரிய தேயிலை மரங்களுக்கு நடுவே, சரிவில் தலை கீழாக இருக்கும்படி செவலை கிடந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்திருந்தது.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கையை விட்டபோதே தெரிந்தது. உள்ளே சூடு இருந்தது, உயிர் இல்லை. கன்றின் தலை பின்னால் மடிந்திருந்தது. பக்கத்துக் காம்பராக்காரி மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டாள். கன்றின் தலையைத் திருப்பி, கயிறு போட்டு, ஆண்கள் இழுக்க, நான் உள்ளே வழிகாட்ட, கன்று வந்தது. கிடாரிக் கன்று. தாயின் அதே நிறம். செவலை திரும்பி அதை நக்கப் பார்த்தது. அதற்குக் கழுத்து எட்டவில்லை. நான் கன்றை இழுத்து அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். நக்கட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்காரர் எப்படி அவ்வளவு கீழே இறங்கினார் என்று தெரியவில்லை. வந்து மாட்டின் கழுத்தருகே குந்தி, கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

கொஞ்ச நேரத்தில் மருமகன் கூப்பிட்டார். “அத்த, இப்பச் சரியாக் காட்டுது. ஓடைக்கு மேல, பழைய மலையில.”

“தெரியுது மாப்புள. நான் பக்கத்துலதான் ஒக்காந்திருக்கேன்.”

பதுளையிலிருந்து அரசாங்க மிருக வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிங்களவர், நல்ல மனிதர். அந்த மழையில் சரிவில் இறங்கி வந்ததற்கே அவரைக் கும்பிட வேண்டும். ஊசி போட்டார், மருந்து ஏற்றினார். கன்று நெடுநேரம் சிக்கியிருந்ததால் பின்னங்கால் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று சொன்னார். புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், எழும்பினால் எழும்பும். எழும்பாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

மாட்டை அங்கிருந்து தூக்க வழியில்லை. அதற்கு மேலே நாலு கம்பு நட்டு படங்கு கட்டினோம். மானாப்புல்லை அறுத்து அடியில் பரப்பினோம். நான் அங்கேயே இருந்தேன். கஞ்சி காய்ச்சி மகள் கொண்டுவருவாள். மாட்டுக்கு ஒரு வாளி, எனக்கு ஒரு கிண்ணம். ஆட்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இறங்கி வந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரட்டிக் கொடுப்பார்கள். பாலைக் கறந்து மண்ணில் விட்டேன். குடிக்கக் கன்று இல்லை, விற்க எனக்கு மனம் இல்லை.

அந்த இடத்தில் சார்ஜ் போட முடியாது என்பதால், மருமகன் பெட்டியை மறுபடி பழையபடி தூங்கும்படி வைத்துவிட்டார். காலையில் ஒருமுறை சொல்லும், அதே இடம் என்று. மகள் அதைக் கழற்றிவிடலாம் என்றாள். நான் விடவில்லை. கழற்றினால் மாடு இனி எழும்பாது என்று நானே ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும்.

டவுன் பக்கமிருந்து ஒருவன் வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். “எழும்பாத மாட்ட வச்சிக்கிட்டு என்னம்மா செய்யப் போறீங்க? உசிர் இருக்கும்போதே குடுத்தீங்கன்னா ஒங்களுக்கும் நல்லது.” நான் எழும்பி நின்றேன். “நீ வந்த வழி சறுக்கும். பாத்துப் போ” என்றேன். அவன் போய்விட்டான். வீறாப்பாகப் பேசிவிட்டேன். மாட்டை எழுப்ப என் வீறாப்பால் முடியுமா? காதைத் தடவிக்கொடுத்தேன். காது குளிர்ந்திருந்தது. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது. நான் ஏதாவது செய்வேன் என்று பார்க்கிற பார்வை. கன்றாய் இருந்தபோதிலிருந்து அப்படித்தான் பார்க்கும்.

ஒரு காலையில் நானே மேலே ஏறிப் போய்க் கஞ்சி வாளியோடு திரும்பி இறங்கியபோது அது போய்விட்டிருந்தது. அப்போதும் உடம்பில் சூடு இருந்தது.

புதைக்கவும் நமக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லை. எல்லாம் தோட்டத்து மண். தோட்டத்து ஆபிஸில் போய்க் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்து, வெளிமேற்பார்வை பார்க்கும் பொடியன் ஒருவன் வந்து ஓடையை விட்டு விலகி, மேட்டில் நிற்கும் வாழைகளுக்கு அப்பால் ஓர் இடத்தைக் காட்டினான். கிடக்கிற இடத்திலேயே தோண்டலாமே என்றேன். ஓடைக்கு நேர் மேலே வேண்டாம், கீழே தண்ணீர் எடுக்கிறார்கள் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆண்கள் பழைய தகரம் ஒன்றைக் கொண்டுவந்து, கம்பு கட்டி, செவலையை அதில் புரட்டிப் போட்டு, கயிறு போட்டு இழுத்தார்கள். “ஏலேலோ” போடவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பின்னால் போனேன். வாழைக்குப் பக்கத்தில் ஏறும்போது மூச்சு முட்டி ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

மடியில் இருந்த என் பட்டன் போன் அடித்தது. மருமகன். மாடு போனதைச் சொல்லக் காலையில் மகள் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. லொறிக்கு அடியில் வேலையாக இருந்தால் அவருக்குப் போன் எடுக்க முடியாது.

“அத்த!” என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. “அத்த, செவல எழும்பிருச்சு போல! பெட்டி இப்பத்தான் முழிச்சுச் சொல்லுது. வாழப் பக்கம் நடந்து போய்க்கிட்டு இருக்கு. நான் இங்க எல்லாருக்கும் காட்டிட்டேன். மெதுவா நடத்துங்க, ஒரேயடியா நடத்தாதீங்க. கேக்குதா அத்த?”

கேட்டது. அவருக்குப் பின்னால் கொழும்பு ரோட்டின் ஹோர்ன் சத்தமும், யாரோ அவரோடு சேர்ந்து சிரிப்பதும்கூடக் கேட்டது. எனக்கு முன்னால் தகரம் கல்லில் உரசிக்கொண்டு மேலே போனது.

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். எவ்வளவு நேரத்துக்குச் சொல்வது? பெட்டி இன்னும் மாட்டின் கழுத்தில்தானே இருந்தது? குழிக்குள்ளும் போய் நின்று சொல்லுமே.

“நடக்கல மாப்புள” என்றேன். “இழுத்துக்கிட்டுப் போறாங்க.”

அவர் என்ன என்று கேட்டார். நான் மறுபடி சொன்னேன். நான் நல்ல வார்த்தை ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் மேல் ஒரு குறையும் இல்லை என்றாவது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. அந்த இடத்தில் டவரும் சரியாக எடுக்காது, தானாகவே துண்டித்துவிட்டது.

மேலேயிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். பெட்டியைக் கழற்ற வேண்டுமாம். முடிச்சு இறுகிவிட்டதாம், அறுத்துவிடவா என்று கேட்டார். அறுக்க வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கல்லைப் பிடித்து எழும்பினேன்.